23 இறாத்தல்



1873ஆம் ஆண்டு கண்டிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து லண்டனுக்குத் தேயிலை போய்ச் சேர்ந்தது. மொத்த நிறை 23 இறாத்தல். பத்தரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து போகும். அந்த ஏற்றுமதி முழுவதற்கும் வேண்டிய கொழுந்தை இன்று மலையில் நிற்கும் மூன்று பெண்கள் ஒரே நாளில் பறித்து நிறுத்துவிடுவார்கள்.

தோட்டம் லூல்கந்துர. கலஹா, தெல்தோட்டைப் பக்கமாக ஏறினால் வரும் ஹேவாஹெட்டை மலைகளில் இருக்கிறது. தேயிலை செய்தவர் ஜேம்ஸ் டெய்லர். எல்லோரும் பாடப்புத்தகத்தில் படித்த பெயர். இலங்கைத் தேயிலையின் முன்னோடி என்று ஒரு வரி எழுதி இரண்டு புள்ளி வாங்கியிருப்போம். அந்தப் பட்டத்துக்காக அவரைப் பற்றி இந்த மாதம் எழுத உட்காரவில்லை. அந்த 23 இறாத்தல்தான் பல நாளாக மனசில் நிற்கிறது.

1867இல் அவர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். லண்டனுக்குச் சரக்குப் போனது 1873இல். இடையில் ஆறு வருஷம். ஆறு வருஷ உழைப்பின் முடிவில் கப்பலேறியது ஒருவர் தோளில் தூக்கிப் போகக்கூடிய சுமை. 1880இல் இலங்கையிலிருந்து 81 தொன்னும் 1890இல் 22,900 தொன் அளவிலும் தேயிலை போனது என்று இன்று நாம் படிக்கிறோம். அந்தப் பெரிய எண்களை வைத்துக்கொண்டு 1873ஐத் திரும்பிப் பார்ப்பது நமக்குச் சுலபம். அவர் கையில் அன்று இருந்ததோ அந்த 23 இறாத்தல் மட்டுமே.

அண்மைக் காலமாக எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரு வகை கூடிக்கொண்டே போகிறது. பாதி வயதில் வேலையை மாற்றியவர்களின் கடிதங்கள். கண்டி, கொழும்பு வீதியில் புடவைக் கடையில் நின்றுகொண்டே இரவில் கைப்பேசியைப் பார்த்துக் கோடிங் பழகுகிறார் ஒருவர். தோட்டத்து முன்பள்ளியில் படிப்பித்த ஒரு தங்கச்சி கேக் செய்யப் பழகி, இப்போது கட்டுகஸ்தோட்டைப் பக்கம் பிறந்தநாள் வீடுகளுக்குக் கொடுக்கிறார். வளைகுடாவில் சாரதியாக இருந்து திரும்பிய ஓர் அண்ணன், கூரைகளில் சூரியத் தகடு பூட்டும் வேலையைக் கூடவே நின்று பார்த்துப் பழகியிருக்கிறார். யாருக்கும் வகுப்பு இல்லை, சான்றிதழ் இல்லை. எல்லாக் கடிதத்திலும் எங்கோ ஒரு மூலையில் ஒரே வசனம் வருகிறது: இவ்வளவு நாளாகியும் எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

இந்த வசனம் என்னை வருத்துகிறது. அது உண்மை இல்லை என்பதால் மட்டும் அல்ல. இதை எழுதுகிறவர்கள் எல்லோரும் உண்மையிலேயே முன்னேறியவர்கள் என்பதால்.

நாம் பரீட்சைகளால் வளர்க்கப்பட்டவர்கள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம், இசட் புள்ளி. எவ்வளவு வந்தாய் என்று யாரோ ஒருவர் சொல்லித்தான் நமக்குத் தெரியவந்தது. பெறுபேறு வந்த அன்று மாமா வீட்டிலிருந்து தொலைபேசி வரும், கோயிலில் அர்ச்சனை நடக்கும். தானாகப் பழகுகிறவருக்கு அப்படி ஒரு நாள் வருவதே இல்லை. நேற்றுத் தெரியாதது இன்று தெரிகிறது. அதை அறிவிக்க ஆள் இல்லை. இரண்டு நாளில் அந்தப் புதுச் சங்கதியே பழசாகிவிடுகிறது. எப்போதோ தெரிந்ததுதானே என்று மனம் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு வேலையைப் பழகும்போது கைக்கு முன்னால் கண் தேர்ந்துவிடுகிறது. கேக் செய்யத் தொடங்கிய முதல் மாதம் எல்லாக் கேக்கும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஒரு வருஷம் போனபின் கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் கேக்கில் ஐசிங் எங்கே சீராக ஓடியிருக்கிறது, தன்னுடையதில் எங்கே தட்டுப்பட்டிருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரிகிறது. குறை கூடியிருப்பதாகத் தோன்றுகிறது. கூடியது குறை அல்ல, பார்வை. முதல் மாதம் இதே பிழை இருந்தது, காணத்தான் தெரியவில்லை. தன் வேலையில் பிழை காணத் தெரிந்ததையும் முன்னேற்றத்தில் சேர்க்க வேண்டும் என்று அந்தத் தங்கச்சிக்குச் சொல்ல விரும்புகிறேன்.

டெய்லரிடம் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். 1835இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். பள்ளியில் மாணவ ஆசிரியராக இருந்துவிட்டு, பதினேழு வயது நிறையுமுன், 1852இல் கோப்பித் தோட்டத்துக்கு உதவியாளராக இங்கே வந்தார். அன்று இந்த மலைகளில் கோப்பிதான் ராஜா. காடு வெட்டுவது, பாதை போடுவது, நாற்றுமேடை அமைப்பது, கோப்பி வளர்ப்பது எல்லாம் பழகினார். பிறகு கொய்னா மருந்துக்கான சிங்கோனா மரத்தைப் பழகினார். பிறகு தேயிலை. பேராதனைப் பூங்காவுக்கு 1839இலேயே அசாம் தேயிலை விதை வந்துவிட்டது. புசல்லாவையில் ரொத்சைல்ட் தோட்டத்தில் வோர்ம்ஸ் சகோதரர்கள் 1841 அளவில் சீனத் தேயிலை நட்டிருந்தார்கள். ஆக டெய்லர் முதலில் நட்டவர் அல்ல. நட்டதை விடாமல் கொண்டுபோனவர்.

அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? இன்றைய அசாமிலுள்ள கச்சார் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் இவ்வழியே வந்தபோது, பங்களா வளவில் நின்ற பழைய தேயிலைச் செடிகளிலிருந்து கொஞ்சம் கொழுந்து எடுத்து, பறிப்பது, வாட்டுவது, உருட்டுவது எப்படி என்று காட்டியிருக்கிறார். அந்தச் சிறு பாடத்தை வைத்துக்கொண்டு டெய்லர் தன் வராந்தாவையே பெக்டரி ஆக்கினார். மேசைமேல் கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அழுத்தி உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி நெருப்பு மூட்டி, கம்பித் தட்டில் போட்டுக் காயவைத்தார்கள். அந்தத் தேயிலையை அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் ருசித்து வாங்கினார்கள்.

1872 அளவில் உருட்டுவதற்குத் தானே ஓர் இயந்திரம் யோசித்தார். அதைச் செய்துகொடுத்தது எங்கள் கண்டி நகரத்துப் பட்டறை என்பதை இவ்விடத்தில் ஒரு பெருமையோடு சொல்கிறேன். பறிப்பதும் உருட்டுவதும்தான் பெரிய செலவு, மற்றதெல்லாம் சின்னது என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். ஐந்து வருஷத்துக்கு முன் தேயிலை உருட்டியே பார்த்திராத ஒருவர், எந்த இடத்தில் காசு கரைகிறது என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். பதினைந்து வருஷம் கோப்பித் தோட்டம் நடத்திய கண் அது. பழைய தொழில் வீணாகப் போகவில்லை.

புடவைக் கடை வாசகருக்கும் இதைத்தான் எழுத நினைக்கிறேன். பன்னிரண்டு வருஷத்தை வீணாக்கிவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். கடையில் இருப்பு எங்கே தவறும், சித்திரை வருஷத்துக்கு முந்தின வாரம் பில் போடும் இடத்தில் என்ன நெரிசல் வரும், எந்த வாடிக்கையாளர் கடன் சொல்வார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களோடு பழகும் இருபது வயதுத் தம்பிக்குக் கோடிங் விரைவாக வரலாம். அண்ணே, இது சின்ன விஷயம் என்று அவன் சொல்லிவிட்டுப் போகும்போது உங்கள் முகம் சுருங்கியிருக்கலாம். கடைக்கு என்ன வேண்டும் என்று அவன் உங்களிடம்தான் கேட்டுப் பழக வேண்டும்.

1874இல் டெய்லர் விடுமுறை எடுத்தார். தன் தேயிலை லண்டன் போன மறு வருஷம். ஊருக்குப் போகவில்லை. டார்ஜிலிங் போய்த் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்து வந்தார். நாற்பது ஆண்டு இலங்கை வாழ்க்கையில் அவர் எடுத்த பெரிய விடுமுறை அது ஒன்றுதான் என்பார்கள். அங்கே போய் நின்றபோது தன் வராந்தா எவ்வளவு சின்னது என்று நிச்சயம் பட்டிருக்கும். திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார்.

அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் இன்று எடின்பரோவில் ஸ்கொட்லாந்துத் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. வரலாறு எழுதுகிறவர்களுக்கு அவை ஆவணம். எனக்கு அவற்றில் வேறொரு பயன் தெரிகிறது. கற்றுக்கொண்டு வருகிற ஒருவர், அந்தந்தக் காலத்தில் என்ன தெரிந்திருந்தார் என்று திகதியிட்டு எழுதி வைத்திருக்கிறார். அப்படி எழுதி வைத்தவரிடம் போய், நீ ஒன்றும் வளரவில்லை என்று யாரும் வாதாட முடியாது. அவராலேயே முடியாது.

வெளியிலிருந்து வரும் பாராட்டை நம்பிக் காத்திருக்க முடியாது என்பதற்கும் அவர் கதையே சாட்சி. தோட்டக்காரர் சங்கத்தார் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் அவர் செய்ததை மெச்சி வெள்ளியில் தேநீர்ப் பாத்திரத் தொகுதி கொடுத்தது 1891 வாக்கில். முதல் 19 ஏக்கருக்குப் பின் ஏறக்குறைய இருபத்துநான்கு வருஷம். அதற்கு அடுத்த வருஷமே, அவர் வாழ்நாள் முழுவதும் நின்ற தோட்டத்திலிருந்து விலகச் சொன்னார்கள். அவர் போக மனமில்லாமல் இருந்தார். 1892 மே 2ஆம் திகதி வயிற்றுளைவு நோயில் அங்கேயே இறந்தார். வயது 57. தொழிலாளர்கள் முறை மாற்றி மாற்றிப் பெட்டியைச் சுமந்து மலையிறங்கி, கண்டி மஹியாவ மயானம் வரை கொண்டுவந்தார்கள். சாமி துரை என்று சொல்லி அழுதார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது.

இங்கே நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வெள்ளிப் பாத்திரம் ஒருவருக்குத்தான் போனது. வராந்தா மேசையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வலிக்க வலிக்க உருட்டிய கைகள் தோட்டத் தொழிலாளருடையவை. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் என்று தமிழ்நாட்டுச் சீமைகளிலிருந்து வந்தவர்களே அன்று தோட்டங்களில் பெரும்பாலோர். கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கிற பருவத்துக்கு வந்து ஊர் திரும்புவார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை என்று காட்டுவழி நடந்து வந்து, வழியில் எத்தனையோ பேரைப் பறிகொடுத்தவர்கள். 1869இல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. அதன் பின் மலைகள் ஒவ்வொன்றாகத் தேயிலைக்கு மாறின. துரைமார் தொழில் மாறியதை எழுதிய புத்தகங்கள் அலுமாரி நிறைய இருக்கின்றன. அதே காலத்தில் பல்லாயிரம் தமிழர் தொழில் மாறியதை ஒரு கற்றல் என்று யாரும் எழுதவில்லை.

அவர்கள் கற்றது கொஞ்சமா? கோப்பியில் பழுத்த பழத்தைப் பார்த்துப் பறித்தால் போதும். தேயிலையில் ஒரு மொட்டு, இரண்டு இலை. முற்றினது கூடைக்குள் போகக் கூடாது, பிஞ்சை விட்டுவைக்க வேண்டும், அதுவும் இரண்டு கையாலும், கண் அடுத்த செடிக்குப் போய்விட்ட பிறகு விரல் தானாக அறிந்து. செங்குத்துச் சரிவில், மழையில், அட்டைக் கடியில், தலையில் கூடைக் கயிறோடு. கவ்வாத்து வெட்டுகிறவர் ஒவ்வொரு செடிக்கும் எந்தக் கிளையை எந்த உயரத்தில் விடுவதென்று முடிவெடுக்கிறார். தப்பினால் செடி பட்டுப்போகும். பெக்டரியில் கொழுந்து வாடியது போதுமா என்று உள்ளங்கையில் பிடித்துப் பார்த்துச் சொன்னவர்கள், வாசனையை வைத்துப் புளிப்பு முடிந்ததென்று அறிந்தவர்கள் எத்தனை பேர். பருவத்துக்கு வந்து போன வாழ்க்கையும் மாறியது. தேயிலைக்கு வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒரு சுற்று, வருஷம் முழுவதும் ஆள் வேண்டும். குடும்பத்தோடு லயத்தில் தங்கினார்கள். தொழில், வீடு, நாடு மூன்றையும் ஒரு தலைமுறையில் பழகிக்கொண்டவர்கள் அவர்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் நாடற்றவர்கள் ஆக்கியது. கற்ற எதற்கும் புள்ளி கிடைக்காதவர்கள் என்று சொன்னால் இவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

எங்களுக்குக் கடிதம் எழுதுகிற பலர் இவர்களின் வழிவந்தவர்கள். அதனால்தான் எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது என்ற வசனம் அவ்வளவு பழக்கமான குரலில் வருகிறதோ என்று நினைக்கிறேன். நமக்குத் தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையே நம் வீடுகளுக்கு வெகுநாள் இருக்கவில்லை. போதாததற்கு, சொன்னால் கண்பட்டுவிடும் என்ற பயமும் உண்டு. ஊருக்குச் சொல்ல வேண்டாம். நீங்கள் அறிந்தால் போதும்.

பத்திரிகைக்காரி என்ற முறையில் இன்னொரு கண்டிக்காரரையும் நினைக்காமல் விட முடியாது. டெய்லரின் காலத்திலேயே இந்த நகரத்தில் வாழ்ந்தவர், அறிஞர் சித்திலெப்பை. 1838இல் கண்டியில் பிறந்தவர், தொழில் வழக்கறிஞர். நாற்பது வயதைக் கடந்து, 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ வெளிவந்தது. இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல் என்று அதைச் சொல்கிறோம். தமிழில் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சாகி அப்போது ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. நாவல் எழுதுவது எப்படி என்று தமிழில் கேட்டுப் பழக எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? முன்மாதிரி அதிகம் இல்லாத இடத்தில் ஒருவர் எழுதி முடித்தார். அந்த நாவலில் இன்றைய விமர்சகர் நூறு குறை காணலாம். அதை முடித்த அன்று அவர் ஓர் இரவாவது நிம்மதியாகச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

உங்களுக்கும் அந்த இரவு வேண்டும். ஒரு சின்ன வழி சொல்கிறேன். புது வேலையில் நீங்கள் முதலில் முடித்த பொருளைத் தூக்கி எறியாதீர்கள். முதல் கேக்கின் படம், முதலில் ஓடிய கோடிங், முதன்முதலில் பூட்டிய கூரையின் அளவு எழுதிய துண்டு, எதுவானாலும் திகதி போட்டு வையுங்கள். ஆறு மாதத்துக்கொரு முறை எடுத்து, இன்று செய்வதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் வேலையையோ இணையத்தில் மினுங்குகிறவரின் வேலையையோ அதன் அருகில் வைக்க வேண்டாம். அவர் எங்கே தொடங்கினார் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் தொடக்கம் உங்கள் கையிலேயே இருக்கிறது.

நேரம் கிடைத்தால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்கு ஒரு நாள் போய் வாருங்கள். 1925இல் கட்டிய பெக்டரியில், 2001இல் திறந்தது. பழைய உருட்டும் இயந்திரங்களும் டெய்லர் பாவித்த பொருட்களும் அங்கே இருக்கின்றன. அவற்றின் முன் நின்று, இவற்றை ஓட்டிய கைகள் யாருடையவை என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அடுத்த இதழில் இதற்கென்று பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். தானாகப் பழகிய வேலையில் முதன்முதலாக முடித்ததைப் பற்றி, அதன் பிழைகளோடு எழுதி அனுப்புங்கள். மலையில் பேர் பதிந்து வேலை செய்த அம்மாவோ அம்மாயியோ வீட்டில் இருந்தால், கொழுந்தெடுக்க யார் காட்டிக்கொடுத்தார்கள், முதல் நாள் எத்தனை கிலோ வந்தது, எப்போது கை பழகியது என்று கேட்டு அதையும் எழுதுங்கள். அவர் சொல்கிற பேச்சிலேயே எழுதலாம். நாங்கள் திருத்த மாட்டோம். கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை. படங்கள் வைத்தால் பத்திரமாகத் திருப்பி அனுப்புவோம். மாதம் 20ஆம் திகதிக்குள் வந்து சேர்ந்தால் போதும்.

அன்புடன்,
ஆசிரியர்